யாளியின் சிறகு தொங்குகிறதா? மலையகத்தில் பெரிய மினியேச்சர் செய்வோருக்கான பிழை நீக்கும் வழிமுறை

என் மேசையில் நிற்பது நான்காவது யாளி. முதல் மூன்றும் ஒரு பிஸ்கட் டின்னுக்குள் கிடக்கின்றன. தலை வேறு, தும்பிக்கை வேறு, சிறகு வேறாக. யாராவது தொலைபேசியில் அழைத்து "அண்ணா, வெடித்துவிட்டது" என்றால், டின்னைத் திறந்து அதே வெடிப்பு எந்தத் துண்டில் இருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்வேன். கீழே இருப்பதெல்லாம் அந்த டின்னிலிருந்து வந்தது.

பெரிய உருவம் என்று நான் சொல்வது, மேசைப் போர் விளையாட்டில் 28 மில்லிமீற்றர் அளவு வீரர்களுக்கு எதிரே நிற்கும் 25, 30 சென்ரிமீற்றர் உயர விலங்கை. உள்ளே கம்பி எலும்பு, அதன் மேல் கசக்கி இறுக்கிய அலுமினியத் தாள், அதற்கும் மேல், இரு பகுதிகளைப் பிசைந்து கலந்தால் தானே இறுகும் எபொக்சிப் புட்டி அல்லது சுட்டு இறுக்கும் பொலிமர் களிமண். இவற்றைப் பற்றிக் கிடைக்கும் அறிவுரைகள் பெரும்பாலும் சூடேற்றிய, உலர்ந்த அறையில் உட்கார்ந்து எழுதியவை. நுவரெலியா 1868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. தை மாத விடியலில் அங்கே புல்லின் மேல் உறைபனி வெளுத்துக் கிடக்கும். ஹட்டனில் ஆடி மாதத்து மூடுபனி சன்னலைத் தாண்டி வந்து மேசையிலேயே உட்கார்ந்துகொள்ளும். ஆகவே உங்கள் கையைக் குறை சொல்வதற்கு முன் அறையைச் சந்தேகியுங்கள். அதற்கு அடுத்தது கம்பி. கை கடைசியில்தான்.

## ஒரு நாள் கழிந்தும் புட்டி நகத்துக்கு மசிகிறது

எனக்கு வரும் அழைப்புகளில் பாதி இதுதான். விடை கிடைக்க வேண்டுமென்றால் பிசையும்போதே ஒரு வேலை செய்திருக்க வேண்டும். ஒவ்வொரு பிசைவிலும் கடலைப் பருமனில் இரண்டு உருண்டை எடுத்து வையுங்கள். ஒன்றை உருவத்தின் பக்கத்தில், திகதியும் நேரமும் எழுதிய தாளின் மேல் வையுங்கள். மற்றதைச் சிறு பொலித்தீன் பையில் போட்டு உங்கள் சட்டைப் பைக்குள் வைத்துக்கொள்ளுங்கள். இவை இரண்டும் சாட்சிகள். நகத்தால் சோதிக்க வேண்டியது இவற்றைத்தான். உருவத்தை நகத்தால் சோதித்து, செதிலுக்கு நடுவே பிறைத் தழும்பு வைத்துவிட்டு வருந்தியவர்களில் நானும் ஒருவன்.

சட்டைப் பையில் இருந்தது இறுகிவிட்டது, மேசையில் இருந்தது இறுகவில்லை: குளிர்தான் காரணம். பத்துப் பாகை குறைந்தால் இறுகும் வேகம் ஏறத்தாழப் பாதியாகும் என்பது கைக்கணக்கு. 25 பாகையில் ஒரு நாளில் இறுகுவது, இரவில் 10 பாகைக்கு இறங்கும் லயத்து அறையில் இரண்டு மூன்று நாள் எடுத்துக்கொள்ளும். புட்டி கெட்டுப்போகவில்லை, காத்திருந்தால் போதும். காத்திருக்க முடியாதென்றால் சூட்டுப் பெட்டி கட்டுங்கள். ஒரு பெரிய தகர டின், அதற்குள் 40 வாட் இழை மின்குமிழ், உருவத்துக்கும் குமிழுக்கும் இடையே ஒரு சாண் இடைவெளி, உள்ளே ஒரு வெப்பமானி. 35 முதல் 40 பாகை போதும். எல்.ஈ.டி. குமிழ் வெளிச்சம்தான் தரும், தேவையான சூட்டைத் தராது. நீங்கள் தூங்கும்போது குமிழும் தூங்கட்டும்.

அடுப்படிப் பரணில் வைக்கலாமே என்று கேட்பார்கள். சூடு கிடைக்கும், உண்மைதான். கூடவே புகையும் எண்ணெய்ப் பிசுக்கும் படியும். அடுத்த அடுக்குப் புட்டி அதன் மேல் ஒட்டாது.

இரண்டு சாட்சியும் இறுகவில்லை: பிசைவில் பிழை. உருண்டையை வெட்டிப் பாருங்கள். உள்ளே பளிங்குக் கல் போல் இரு நிறக் கோடுகள் ஓடினால் போதிய அளவு பிசையவில்லை. மில்லிபுட் போன்ற புட்டியைக் கடிகாரம் பார்த்து ஐந்து நிமிடம் பிசைய வேண்டும். குளிரில் புட்டிக் குச்சிகள் கல்லாக இருக்கும் என்பதால் கை வலித்து இரண்டு நிமிடத்தில் நிறுத்திவிடுகிறோம். முதலில் அவற்றைப் பையோடு வெந்நீர்ப் போத்தலின் மேல் வைத்து இளக்கிக்கொள்ளுங்கள். கோடு இல்லையென்றால் அளவைப் பாருங்கள். மஞ்சளும் நீலமும் கலக்கும் கிரீன் ஸ்டஃப் என்ற புட்டி சற்று ஏறக்குறைய இருந்தாலும் பொறுத்துக்கொள்ளும். மஞ்சள் கூடினால் இரப்பர் போல் வளையும், நீலம் கூடினால் விறைப்பாக இறுகும். மற்றப் புட்டிகளுக்கு அந்தப் பெருந்தன்மை கிடையாது, சரிபாதிதான். அளவும் சரியென்றால் புட்டி பழையது.

இரண்டும் இறுகிவிட்டன, உருவத்தில் ஓரிடம் மட்டும் மசிகிறது: அந்த இடத்தில் கலக்காத ஒரு துணுக்கு மாட்டிக்கொண்டது. அதைக் காப்பாற்ற முயலாதீர்கள். சுரண்டி எடுத்து, ஸ்பிரிட் தொட்ட துணியால் துடைத்து, புதிதாகப் பூசுங்கள். இந்தக் குறையில் ஆகக் கூடிய செலவு ஒரு புதிய பொதி; நிபுணர் எவரும் தேவையில்லை.

## புட்டிக்குள் மணல் போல் கட்டிகள்

கிரீன் ஸ்டஃப் நாடா வடிவில் வருகிறது. மஞ்சளும் நீலமும் தொட்டுக்கொள்ளும் நடுக்கோடு பொதிக்குள்ளேயே இறுகத் தொடங்கிவிடும். அந்தக் கோட்டை இரண்டு மில்லிமீற்றர் அகலத்துக்கு வெட்டி எறிந்துவிட்டுப் பிசையுங்கள். மிச்ச நாடாவைக் குளிர்சாதனப் பெட்டியின் உறைபகுதியில் வையுங்கள். குளிர் நமக்குக் கை கொடுக்கும் ஒரே இடம் இது.

## உருவம் ஆடுகிறது, சிறகு தொங்குகிறது, மெல்லச் சாய்கிறது

இந்தக் குறை வெளியே தெரியும் நாளில் பிறந்ததல்ல. முதல் நாள் கம்பியை முறுக்கும்போதே பிறந்துவிட்டது. புட்டியைத் தடித்துப் பூசி நிமிர்த்தப் பார்ப்பதுதான் எல்லோரும் செய்வது. நானும் செய்தேன். பாரம் கூடி, சாய்வும் கூடியது.

சோதனை எளிது. பீடத்தை இடது கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, தலையை ஒரு விரலால் மெல்லத் தள்ளுங்கள். பார்வையை ஆடும் நுனியில் வைக்காமல், அசைவு எங்கே தொடங்குகிறது என்று தேடுங்கள்.

பாதத்தில் தொடங்கினால்: கால் கம்பி பீடத்துக்குள் போகவில்லை, மேலே வெறுமனே ஒட்டியிருக்கிறது. காலுக்குள் நேராக மேல்நோக்கி ஒரு துளை, பீடத்தில் அதற்கு நேரே ஒரு துளை, இடையே ஓர் ஆணித் துண்டு, அரால்டைட் பசை. பீடத்துக்குள் குறைந்தது இரண்டு சென்ரிமீற்றர் இறங்க வேண்டும். நான்கு கால் விலங்குக்குக் குறுக்காக இரண்டு காலுக்குச் செய்தால் போதும். இரண்டு கால் விலங்கென்றால் வாலையும் மூன்றாம் காலாக்கிக்கொள்ளுங்கள்.

முழங்காலிலோ இடுப்பிலோ தொடங்கினால்: ஒற்றைக் கம்பி போட்டிருக்கிறீர்கள். முப்பது சென்ரிமீற்றர் உயரத்துக்கு 3 மில்லிமீற்றர் அலுமினியக் கம்பியை இரட்டையாக முறுக்க வேண்டும். குறட்டால் ஒரு முனையைப் பிடித்து, மறுமுனையைத் துளையிடும் எந்திரத்தில் மாட்டிச் சுற்றினால் ஒரு நிமிட வேலை. விரல், நகம், மீசை போன்ற சில்லறை வேலைக்கு வீட்டு வயரிங்கில் மிஞ்சும் 1/1.13 வயரை உரித்து எடுத்த செம்பு போதும். ஏற்கெனவே புட்டி பூசியாயிற்று என்றால், மூட்டைச் சுற்றிப் புட்டியைக் கம்பி தெரியும்வரை வெட்டி, இன்னொரு கம்பியைப் பக்கத்தில் வைத்து மெல்லிய கட்டுக் கம்பியால் இறுகச் சுற்றி, அதன் மேல் புட்டி வைத்து ஒரு நாள் விடுங்கள். மனம் வராதுதான்.

எலும்பு ஆடவில்லை, சதை மட்டும் சுழல்கிறது: அலுமினியத் தாள் இளகிக் கிடக்கிறது. தாளைக் கையால் கசக்கினால் போதாது. கரண்டியின் முதுகால் தட்டித் தட்டி, நகம் புகாத அளவுக்கு இறுக்க வேண்டும். தாளுக்குக் கீழே கம்பி வழுக்காதிருக்க, கம்பியைச் சுற்றி முதலில் ஒரு மெல்லிய புட்டி அடுக்கு.

தோள் ஆடவில்லை, சிறகு மட்டும் இரவில் இறங்குகிறது: குளிரில் புட்டி மெல்ல இறுகுவதால் பாரம் நீண்ட நேரம் கம்பியை இழுத்துக்கொண்டே இருக்கிறது. சிறகை ஒரே நாளில் முடிக்க நினைக்காதீர்கள். முதல் நாள் எலும்பு வரிகள் மட்டும். அவை இறுகிய பின் ஒரு பக்கத் தோல். அது இறுகிய பின் உருவத்தைக் கவிழ்த்து மறுபக்கம். இடையில் விளக்குமாற்று ஈர்க்கை முட்டுக் கொடுங்கள். ஈர்க்கின் நுனியில் சிறிது பொலித்தீன் சுற்றினால் ஒட்டாது.

தோட்டத்துக் கோவில் கோபுரத்தில் சுதை வேலை செய்ய வந்திருந்த சிற்பி ஒருவரிடம் என் இரண்டாவது யாளியைக் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் முகத்தைப் பார்க்கவே இல்லை. "தம்பி, இதன் பாரம் எந்தக் காலில் இறங்குகிறது?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. அவர்களும் இரும்புக் கம்பி கட்டித்தான் மேலே சாந்து பூசுகிறார்கள். ஆளளவு வேலையிலும் சாணளவு வேலையிலும் வரிசை ஒன்றே.

சிறகு விரிவு 40 சென்ரிமீற்றரைத் தாண்டினால் அலுமினியத்தோடு போராட வேண்டாம். தோளிலிருந்து தோளுக்கு ஓர் இரும்புக் கம்பி, அதிலிருந்து கீழே ஒரு தண்டு, இரண்டையும் வெல்டிங் கடையில் கொடுத்து ஒட்டி வாங்குங்கள். அளவு எழுதிய தாளோடு போங்கள். "யாளிக்கு முதுகெலும்பு" என்று வாயால் விளக்கினால் கடையில் இருக்கும் அத்தனை பேரும் சூழ்ந்துகொள்வார்கள்.

## சுட்ட பொலிமர் களிமண் வெடித்திருக்கிறது

வெடிப்பின் உருவமே காரணத்தைச் சொல்லும்.

மயிரிழை போல் நீளமாக, தடித்த இடத்துக்கும் மெலிந்த இடத்துக்கும் நடுவே ஓடினால், தடிப்பு ஒரே சீராக இல்லை. களிமண் ஆறு முதல் பத்து மில்லிமீற்றருக்கு மேல் எங்கும் தடிக்கக் கூடாது. அதற்கு மேல் வேண்டுமென்றால் உள்ளே அலுமினியத் தாளைக் கூட்டுங்கள். கொப்புளம் போல் வீங்கி வெடித்திருந்தால் தாளுக்கும் களிமண்ணுக்கும் இடையே காற்று. அடுத்த முறை சுடுவதற்கு முன், தெரியாத பக்கத்தில் ஊசியால் குத்திவிடுங்கள். சுடும்போது ஒன்றுமில்லை, வெளியே எடுத்த பத்தாவது நிமிடத்தில் "டிக்" என்று சத்தம் கேட்டுப் பிளந்தால், குற்றவாளி சன்னல். 130 பாகையிலிருந்து எடுத்ததை 15 பாகை அறையில் வைக்கிறோம். மின்னடுப்பை நிறுத்திவிட்டு, கதவைத் திறக்காமல், கை பொறுக்கும் சூட்டுக்கு வரும்வரை உள்ளேயே விடுங்கள்.

வெடிக்கவில்லை, ஆனால் தொட்டால் உதிர்கிறது, நகம் வைத்தால் பொடியாகிறது: வேகவில்லை. சுப்பர் ஸ்கல்பி என்ற பொலிமர் களிமண்ணுக்குச் சொல்லப்படும் கணக்கு, ஏறத்தாழ 130 பாகையில் 6 மில்லிமீற்றர் தடிப்புக்கு 15 நிமிடம். மற்றவற்றுக்கு அவற்றின் பொதியைப் பாருங்கள். அடுப்பின் திருகில் 130 என்று எழுதியிருப்பதை நம்பாமல், உள்ளே தனி வெப்பமானி வையுங்கள். கொதிநீரில் அவித்தால் போதும் என்று யாராவது சொன்னால் புன்னகைத்துவிட்டு விலகுங்கள். கடல் மட்டத்திலேயே தண்ணீர் 100 பாகையில் நின்றுவிடும்; நுவரெலியாவில் ஏறத்தாழ 94 பாகையிலேயே கொதித்துவிடும்.

எதிர்த்திசையில் போன கதையும் உண்டு. முதல் யாளி வீட்டு மின்னடுப்புக்குள் நுழையவில்லை. ஊரில் ஒரு பேக்கரிப் போறணை இருக்கிறது. பாண் எடுத்த பிறகு சூடு தணிந்திருக்கும் என்று நானே முடிவு செய்துகொண்டு, முதலாளியைக் கெஞ்சி உள்ளே வைத்தேன். பாண் சுடும் போறணை 200 பாகையைத் தாண்டும், அதன் கல் அந்தச் சூட்டை மணிக்கணக்கில் வைத்திருக்கும். கால் மணி நேரத்தில் தும்பிக்கை கரும்பழுப்பாகி, மூக்கை அரிக்கும் புகை வந்தது. பொலிமர் களிமண்ணின் அடிப்படை பி.வி.சி.; கருகினால் ஐதரசன் குளோரைட்டு வாயு வரும். முதலாளி என்னைத் திட்டியது நியாயம்தான். களிமண் கருகினால் அடுப்பை நிறுத்தி, கதவு சன்னல்களைத் திறந்து, எல்லோரும் வெளியேறுங்கள். உணவு சமைக்கும் அடுப்பை இந்த வேலைக்குப் பயன்படுத்தவே வேண்டாம்.

உருவம் அடுப்பில் நுழையாதென்றால் தலை, உடல், சிறகு என்று தனித்தனியாகச் சுட்டு, ஆணி வைத்து ஒட்டுங்கள். சின்ன வெடிப்புகளை எபொக்சிப் புட்டியால் அடைக்கலாம். அடைத்த இடத்தில் மறுபடியும் வெடித்தால், முந்திய தலைப்புக்குத் திரும்புங்கள். உள்ளே ஏதோ ஆடுகிறது.

## புதிய அடுக்கு தோல் போல் உரிந்து வருகிறது

உரிந்த துண்டின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். பளபளப்பாக இருந்தால் கீழ் அடுக்கு வழுவழுப்பாக இருந்திருக்கிறது. ஊசியால் குறுக்கும் நெடுக்கும் கீறிவிட்டுப் பூசுங்கள். விரலில் வழுக்கினால் வாஸலின் அல்லது கை எண்ணெய். பாத்திரம் கழுவும் சவர்க்காரமும் பழைய பல்துலக்கியும் போதும். ஈரமாக இருந்தால் மூடுபனி. குளிர்ந்த உருவத்தைச் சூடான சமையலறைக்குக் கொண்டுவந்ததும் கண்ணுக்குத் தெரியாத பனித்துளி அதன் மேல் படியும். கண்ணாடி அணிபவர்களுக்கு இது சொல்லாமலே புரியும். அரை மணி நேரம் விட்டு, துடைத்து, பிறகு தொடங்குங்கள்.

துண்டின் அடியில் பழுப்புக் கறை இருந்தால் கட்டுக் கம்பி துருப்பிடித்திருக்கிறது. நம் ஊர் ஈரத்தில், தண்ணீர் தொட்டு வழவழப்பாக்கும் புட்டிக்குக் கீழே, இரும்பு சும்மா இருக்காது. துருவை அரத்தால் சுரண்டி, சூப்பர் குளூவை மெல்லியதாகத் தடவிக் காயவிட்டுப் பூசுங்கள்.

இவை எதுவும் இல்லையென்றால், பிசைந்து ஒரு மணி நேரம் கழித்து, பசை போன பிறகு பூசியிருக்கிறீர்கள்.

## கைரேகை போகவே மாட்டேன் என்கிறது

அவசரம். பிசைந்த உடனே நுணுக்க வேலை செய்தால் புட்டி இழுபடும். முதல் அரை மணி நேரத்தில் பருமனை மட்டும் வையுங்கள், தேநீர் குடியுங்கள், பிறகு செதிலும் சுருக்கமும். கருவியில் ஒரு துளி தண்ணீர். வாஸலின் என்றால் துளியிலும் துளி.

## கை அரிக்கிறது, விரலிடுக்கில் சிவந்திருக்கிறது

இதில் மட்டும் எளியதிலிருந்து தொடங்கும் வரிசை கிடையாது. வேலையை நிறுத்துங்கள். இறுகாத எபொக்சி தோலில் ஒவ்வாமையை உண்டாக்கும். ஒருமுறை வந்துவிட்டால் அடுத்தடுத்த முறை சிறிதளவு பட்டாலே திரும்ப வரக்கூடும். சவர்க்காரத்தால் கழுவி, டொக்டரிடம் போங்கள். எந்தப் புட்டி என்று சொல்ல அதன் பொதியையும் எடுத்துப் போங்கள். தொடக்கத்திலிருந்தே நைட்ரைல் கையுறை போடுவோருக்கு இந்தத் தலைப்பு பெரும்பாலும் தேவைப்படாது. சேண்ட் பேப்பர் தேய்க்கும்போது தண்ணீர் தொட்டுத் தேய்த்தால் தூசு மூக்கில் ஏறாது, முகக்கவசமும் போடுங்கள்.

## பீடம் பிளக்கிறது, பாதம் பெயர்ந்து வருகிறது

பழைய தேயிலை வேர்க்கட்டையைப் பீடமாக்க ஆசைப்படாதவர் நம் பக்கத்தில் இல்லை. அதன் முறுக்கும் முண்டும் பாறையைப் போலவே இருக்கும். ஆனால் மலையிலிருந்து பிடுங்கி வந்த கட்டை உள்ளே ஈரமாக இருக்கும். காய்ந்து சுருங்கும்போது ஆணியையும் பாதத்தையும் சேர்த்து இழுக்கும். சமையலறைத் தராசில் வாரம் ஒருமுறை நிறுத்து எழுதுங்கள். மூன்று வாரம் தொடர்ந்து எடை குறையாமல் நின்றால்தான் கட்டை தயார். அதற்குச் சில மாதம் ஆகும். பொறுமை இல்லையென்றால் தச்சரிடம் காய்ந்த பலகைத் துண்டு ஒன்று வாங்கி, பாறையைப் புட்டியால் செய்யுங்கள்.

## குறை எதுவும் இல்லை, ஆனால் யாளி நாய் போல் இருக்கிறது

பண்டாரவளையில் இருக்கும் என் மச்சான் மூன்று மாதம் உழைத்து ஒரு படம் அனுப்பினான். செதில் ஒவ்வொன்றும் அளந்து வைத்தது போல் இருந்தது. "மச்சான், நாய்க்குட்டி அழகாக இருக்கிறது" என்று எழுதிவிட்டேன். இரண்டு வாரம் பேசவில்லை.

இருட்டறையில் கைவிளக்கை அடித்து, உருவத்தின் நிழலைச் சுவரில் விழச் செய்யுங்கள். நிழலே யாளி என்று தெரியவில்லையென்றால் செதிலைத் திருத்திப் பயனில்லை. தலையை அறுத்து எடுத்து, கழுத்துக் கம்பியை வளைத்து மறுபடியும் வையுங்கள். நிழல் சரி, முகம்தான் பிழை என்றால் கண்ணாடியில் திருப்பிப் பாருங்கள். கோணல் உடனே கண்ணில் குத்தும். கோவில் தூண் யாளியை நினைத்துக்கொள்ளுங்கள். கண் பிதுங்கியிருக்கும், புருவம் அதற்கு மேல் சுருண்டு எழும், வாய் காதுவரை கிழியும். மேசையில் மூன்றடி தூரத்திலிருந்து பார்க்கும் பொருளுக்கு அந்த மிகை வேண்டும்.

நிழலும் முகமும் சரி, ஆனாலும் பெரிதாகத் தோன்றவில்லை என்றால் பக்கத்தில் ஒரு 28 மில்லிமீற்றர் வீரனை நிறுத்திப் பாருங்கள். செதில் ஒவ்வொன்றும் அவன் கேடயம் அளவு இருக்கிறதா? அப்படியென்றால் செதிலைச் சிறிதாக்குங்கள், விலங்கு தானாக வளரும். மச்சானின் கோளாறு அதுதான்.

## பிரைமர் அடித்ததும் மாவு பூத்தது போல் வெளுக்கிறது

நிறம் பூசுவதற்கு முன் அடிக்கும் அடிப்பூச்சுதான் பிரைமர். அதை ஈரக் காற்றில் ஸ்ப்ரே அடித்தீர்கள். வெளியே மலை தெரியாத நாளில் ஸ்ப்ரே டின்னைத் தொடாதீர்கள்; தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் ஹட்டன் பக்கத்தில் அப்படி ஒரு நாளுக்கு வாரக் கணக்கில் காத்திருக்க நேரும். தூரிகையால் பூசும் பிரைமர் இந்தத் தொல்லைக்கு அப்பாற்பட்டது. நான் ஸ்ப்ரேயை விட்டுவிட்டேன்.

வெளுப்பு இல்லை, ஆனால் மூன்று நாள் கழிந்தும் பிரைமர் விரலில் ஒட்டுகிறது என்றால், கீழே புட்டி இறுகவில்லை. சாட்சி உருண்டை எங்கே?